மூன்று என்று சொன்னவளுக்கு

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி கட்டிலருகே வந்து ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை நீட்டினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது போன்றதுதான், ஆனால் அதில் முகங்கள் வரைந்திருந்தன. ஒரு கோடியில் பூஜ்யம், சிரிக்கிற முகம். மறு கோடியில் பத்து, கண்ணீர் விடுகிற முகம். "அங்கிள், வலி எத்தனை?" என்று கேட்டாள். இவர் அளவுகோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வீராப்புச் சிரிப்புச் சிரித்துவிட்டு, "மூணு லா மிஸ்ஸி" என்றார்.

எனக்கு எங்கிருந்து அப்படியொரு குரல் வந்ததோ தெரியவில்லை. "பொய் சொல்லாதீங்க!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "விடிஞ்சதிலேர்ந்து புரள முடியாம பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடக்குறீங்க. மூணாம்! ஒழுங்காச் சொல்லுங்க."

இவர் முகம் சுருங்கிப்போய், "ஏழு இருக்கும்" என்றார். மிஸ்ஸி எழுதிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மருந்து வந்தது. அரை மணியில் இவர் அயர்ந்து தூங்கிவிட்டார். அவ்வளவுதான். அவ்வளவு எளிது.

நான் வெளியே வந்து நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்துதான் உனக்கு எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன். செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். இத்தனை வருஷமாகியும் எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை. உன்மேல் மட்டுமா? பட்டியல் நீளம். என் பெயரும் அதில் இருக்கிறது.

நாம் முதன்முதலில் பேசிக்கொண்டது பெக்டரி பஸ்ஸில். நானும் அப்போது உன்னைப்போலப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில்தான் இருந்தேன். காலை ஷிஃப்டுக்கு பஸ் ஏறியதும் நீ ஜன்னல் பக்கம் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய். பாலம் முடிந்து தீவுக்குள் நுழைகிற இடத்தில், யாரும் எழுப்பாமலே, டக்கென்று விழித்துக்கொண்டு, "வந்துட்டோமா?" என்பாய். அதற்குப் பிறகு பாயான் லெப்பாஸ் பெக்டரி போய்ச் சேரும்வரை உன் வாய் மூடாது. இருபத்திரண்டு வருஷம் ஒரே லைனில் வேலை பார்த்தோம். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, நகத்தைவிடச் சின்னச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

அந்த நாளில் நம் லைனுக்கு ஒரே ஒரு டாய்லட் அட்டை. இருபது பெண்களுக்கு ஒரு அட்டை. ஒருத்தி போய்த் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு இருந்தோம். நீ ஒருநாள் அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாய். "சார், உங்க வீட்டுப் பொம்பளைங்களும் அட்டை எடுத்துக்கிட்டுத்தான் போறாங்களா?" என்று கேட்டாயாம். அந்த மாதமே அட்டை ஒழிந்தது.

இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கன்னம் வீங்கிப் பல்வலி. ஷிஃப்ட் முடியட்டும் என்றார்கள். நீ மைக்ராஸ்கோப்பை அணைத்துவிட்டு எழுந்து, அவள் கையைப் பிடித்து, யாரிடமும் கேட்காமல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். திரும்பி வரும்போது உனக்கு எச்சரிக்கைக் கடிதம் காத்திருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னாய்: "வலிச்சா வாயைத் திறந்து சொல்லு. சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

நீதான் சொன்னாய். உன் வாயால்தான் சொன்னாய்.

உனக்குக் கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தபோது அது ஏற்கெனவே பெரிதாக வளர்ந்திருந்தது. உன் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம். உன் மகள் அனிதாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. நான் ஜார்ஜ் டவுன் பக்கம் ஃபிளாட்டுக்குக் குடிவந்திருந்தேன். தீவிலிருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் கோவிட் வந்தது, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எல்லை மூடியது, அனிதா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். உன் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அவசரமில்லாத ஆபரேஷன் என்று காரணம் சொன்னார்கள். ரத்தம் போய்ப்போய் உன் உதடு வெளுத்திருந்தது. வீட்டில் நாலு படி ஏற உனக்கு நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. அவசரமில்லையாம். மறுபடியும் தேதி வந்தது, மறுபடியும் தள்ளிப்போனது.

மூன்றாவது தேதிக்கு நீ ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டி ரோட் பிளாக் தாண்டி வந்து சேர்ந்தாய். வாசலில் நான் காத்திருந்தேன். உள்ளே விட மாட்டார்கள், கட்டிப் பிடிக்கவும் கூடாது. இரண்டு மாஸ்க்குகளுக்கு நடுவே கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டோம். என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "ஏன்டி அழற? கட்டியைத்தானே எடுக்கப் போறாங்க, என்னையா எடுக்கப் போறாங்க?" என்றாய். பையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனாய். அதுதான் நான் உன்னை நேரில் பார்த்த கடைசித் தடவை.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் காலை நீ போன் செய்தபோது உன் குரலில் சிரிப்பு இருந்தது. "மாலா, கையில ஒரு பட்டன் கொடுத்திருக்காங்கடி. வலிச்சா நானே அமுக்கிக்கலாம். மெஷின்லேர்ந்து மருந்து வருது. இத்தனை வருஷத்துல நான் அமுக்கினா உடனே வேலை செய்யற மெஷினை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாய். வலியை மட்டும் பார்ப்பதற்கென்றே ஒரு மிஸ்ஸி காலையில் வந்து விசாரித்துவிட்டுப் போனதாகவும், எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாகவும் சொன்னாய். நான் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, உன் மாதாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

புதன்கிழமை உன் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்குத் தொற்று என்று தெரிந்தது. உன்னையும் பரிசோதித்தார்கள். உனக்கும் இருந்தது. மத்தியானத்துக்குள் உன்னைக் கோவிட் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மெஷின் உன்னோடு வரவில்லை. அது அந்த வார்டு மெஷினாம். வலி பார்க்கிற மிஸ்ஸியும் வரவில்லை. அந்தக் குழுவையே ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிட்டார்களாம். வயிற்றைக் குறுக்கே கிழித்துத் தைத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. கையில் கொடுத்தது காய்ச்சல் தலைவலிக்குப் போடுகிற பெனடோல் மாத்திரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் கேட்க வேண்டும், ஊசி போடுவார்கள் என்றார்கள்.

வேண்டுமென்றால் கேட்க வேண்டும்!

அன்று சாயங்காலம் நீ பேசியது எனக்குப் பாதி புரியவில்லை. ஒரு சொல், பிறகு ஒரு மூச்சு, பிறகு ஒரு சொல். "சளி வரணும்னு... இருமச் சொல்றாங்கடி... இருமினா... தையல் பிய்ஞ்சி வந்துரும் போல இருக்கு."

"வலி மருந்து கேளுடி!"

"கேட்கிறேன்... கேட்கிறேன்."

வியாழக்கிழமை காலை நான் வார்டுக்குப் போன் செய்தேன். ஏழெட்டுத் தடவை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தவர், உன் குறிப்பைப் பார்த்துவிட்டு, வலி மூன்று என்று எழுதியிருக்கிறது, பரவாயில்லை என்றார். "அவ என்கிட்ட பேசவே முடியாம அழறா" என்றேன். "சபார்லா, காக்" என்றார். மலாயில், பொறுமையாக இருங்கள் அக்கா என்று. போனை வைத்துவிட்டார்.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். "எத்தனைன்னு சொன்ன?"

"நீ சாப்பிட்டியாடி?" என்று கேட்டாய்.

"எத்தனைன்னு சொன்னடி?"

"மூணு."

"நிஜமா எத்தனை?"

"ஒன்பது. பத்து. தெரியலடி. எண்ணுறதுக்கெல்லாம் முடியல."

"அப்போ ஏன் மூணுன்னு சொன்ன?"

"பக்கத்துல ஒரு பாட்டிக்கு மூச்சே விட முடியல, மாலா. அந்த மிஸ்ஸிப் பிள்ளை ஒருத்தியா ஓடுது. பிளாஸ்டிக் உடுப்புக்குள்ள வேர்த்து ஊத்துது, கண்ணாடியெல்லாம் பனி பிடிச்சிக் கிடக்கு. அது வந்து நிக்கிறப்ப, வயிறு வலிக்குதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கும்! சொல்லு! நீ அங்க நல்லவ பேர் வாங்கவா போன?" என்று கத்தினேன். நீ அழுதாய். வலியில் இருந்த உன்னை நான் அழவைத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்று ராத்திரி நீ ஒரு குரல் பதிவு அனுப்பினாய், அதில் பாதி மூச்சுதான். வெள்ளிக்கிழமை காலை நான் ஆஸ்பத்திரி வாசலுக்கே போனேன். நம் லைனில் ஒருத்தி, வயிற்றில் ஒரு தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி கொஞ்சம் தாங்கும் என்று சொல்லியிருந்தாள். ஒரு சின்னத் தலையணையைத் துவைத்துக் காயவைத்துப் புதுப் பையில் போட்டு எடுத்துப் போனேன். காவலுக்கு நின்ற கார்ட் வாங்க மாட்டேன் என்றார். கோவிட் வார்டுக்கு வெளிப்பொருள் போகாது, மேலிடத்து உத்தரவு. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், கைகூப்பினேன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது, பாவம், எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பினாரோ. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து மறுபடி போனைப் பிடித்தேன். ஆபரேட்டர், வார்டு, மறுபடி ஆபரேட்டர், வேறு வார்டு. கடைசியில் ஒரு இளம் டாக்டர் லைனில் வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் பேசவில்லை. "நான் போய்ப் பார்க்கிறேன், ஆன்ட்டி" என்று தமிழில் சொன்னார். அந்த மூன்று நாட்களில் என்னிடம் மனுஷர் பேசுவது போலப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு உன் குரல் பதிவு வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். "ஊசி போட்டாங்கடி. வலி எங்கயோ தூரமாப் போயிடுச்சி. எழுந்து உட்கார்ந்தேன். இருமினேன், சளியெல்லாம் வந்துச்சி. கஞ்சி குடிச்சேன். இப்படி இருக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே கேட்டிருப்பேனே. சும்மா கஷ்டப்பட்டுட்டேன்."

சும்மா. உன் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சாதாரணமாக வந்தது!

அந்த ஊசியை ஒரு தடவைக்கு மட்டும்தான் எழுதியிருந்தார்கள். அந்த டாக்டரின் ஷிஃப்ட் முடிந்தது. சனிக்கிழமை பழைய கதை. மாத்திரை, மூன்று, பரவாயில்லை. நீ மறுபடி சுருண்டு படுத்தாய், மறுபடி மேல்மூச்சு மட்டும் விட்டாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆக்ஸிஜன் இறங்கியது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டார்கள். ஒன்பது நாள் கழித்து, ஒரு காலையில், எனக்குப் போன் வந்தது.

பட்டர்வொர்த் கல்லறையில் உன்னை அடக்கம் செய்தபோது, உள்ளே வெள்ளை உடுப்பு போட்ட ஐந்து பேர். ஃபாதர் தூரத்தில் நின்று செபம் சொன்னார். நான் கேட்டுக்கு வெளியே நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், சிங்கப்பூரிலிருந்து அனிதா பார்ப்பதற்காக. "கொஞ்சம் கிட்டப் போங்க ஆன்ட்டி, அம்மா தெரியல" என்று அழுதாள். எனக்குக் கிட்டப் போக அனுமதி இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கொன்றது வலி என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. சான்றிதழில் கோவிட் என்று போட்டிருக்கிறார்கள், இருக்கட்டும். அது யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆனால் புதன்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீ பட்டது கோவிட் இல்லை. அதற்கு மருந்து இருந்தது. அதே கட்டடத்தில், பூட்டிய ஒரு அலமாரியில் இருந்தது. அந்த நாட்களுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. என் கோபமெல்லாம் அந்த நாட்களுக்காகத்தான்.

நான் புகார் எழுதினேன். தமிழில் எழுதி, பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்து மலாயில் மாற்றி அனுப்பினேன். பதில் வர மாதக்கணக்காயிற்று. அதற்குள் எல்லை திறந்து அனிதாவும் வந்துவிட்டாள். இரண்டு பேரையும் ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, ஒரு மேட்ரன், ஒரு பெண் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்.

அதிகாரி உன் வலிக் குறிப்பை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். கட்டம் கட்டமாக எண்கள். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. "நோயாளி சொன்னதைத்தானே எழுத முடியும், மேடம்?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

நான் போனை மேசையில் வைத்து உன் பதிவுகளைப் போட்டேன். முதலில் வியாழக்கிழமைப் பதிவு. நீ ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்குத் தவிக்கிறாய். அடுத்து, வெள்ளிக்கிழமைப் பதிவு. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர், முதல் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாங்கள் எண்ணைக் கேட்டோம். இருமச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்றார்.

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு டாக்டர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் கடிதம் வந்தது. ஆழ்ந்த அனுதாபம். அசாதாரணச் சூழ்நிலை. விதிமுறைகள் பின்பற்றப்பட்டன. அனிதா அதைக் கசக்கப் போனாள். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கூட்டம் முடிந்த அன்றைக்கு இன்னொன்று நடந்தது. அனிதா காரை எடுக்கப் போயிருந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். துடோங் முக்காடு போட்ட ஒரு இளம் மிஸ்ஸி வேகமாக வந்து, நீ இருந்த வார்டு எண்ணைச் சொல்லி, நான் உன்னுடைய தங்கையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள்தான் அந்த நாட்களில் உன்னைப் பார்த்துக்கொண்டவள். நீ சொன்னாயே, பிளாஸ்டிக் உடுப்புக்குள் வேர்த்து ஊற்றிய பிள்ளை, அவள்தான்.

மலாயில் சொன்னாள். அந்த ஊசி மருந்து பூட்டிய அலமாரியில் இருக்குமாம். எடுக்க இரண்டு மிஸ்ஸிகள் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே அவள் ஒருத்தி. இன்னொருத்தி வெளியிலிருந்து முழு உடுப்பும் மாட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் மூன்று பேருக்கு மூச்சு முட்டும். "உங்க அக்கா கட்டில் கம்பியை எப்படிப் பிடிச்சிருந்தாங்கன்னு நான் பார்த்தேன், காக். விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சி. மூணு இல்லைன்னு எனக்குத் தெரியும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா அவங்க மூணுன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சி. உடனே எழுதிட்டேன்."

என் கை உயர்ந்துவிட்டது. நிஜமாகவே அடிக்கத்தான் போனேன். அவள் நகரவில்லை. அடிக்கட்டும் என்றுதான் வந்தவள் போல நின்றாள். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

நான் லைன் லீடர் ஆன புதிது. அன்றைக்கு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, டார்கெட் பாக்கி நின்றது. நீ அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாய். "மாலா, இன்னைக்கு முடியலடி. கிளினிக் போகட்டுமா?" நான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே, தாங்கிக்கோ லா" என்றேன். "சரி" என்றாய். போய் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாய். அந்தச் "சரி" எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! உன் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. மேனேஜரைக் கேட்டவள், ஊருக்கெல்லாம் கேட்டவள், என்னிடம் உனக்காகக் கேட்டது அந்த ஒரே தடவை. எத்தனை வருஷமாக அந்தக் கட்டி உனக்குள் வளர்ந்ததோ, அத்தனை வருஷமும் நீ எனக்கு எதிரே ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய்.

உயர்ந்த கை இறங்கியது. அந்த மிஸ்ஸியை மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். மன்னிக்க நான் யார்? "போம்மா, டியூட்டிக்கு நேரமாகுது" என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உன் கல்லறைக்குக் கல் வைக்கிறபோது மறுபடி சண்டை. உன் அண்ணன் ஒரு வாசகம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "துன்பங்களைப் பொறுமையோடு தாங்கியவர்." கல் செதுக்குகிறவரிடம் தாளை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"இது வேணாம், அண்ணே."

"ஏன், நல்லாத்தானே இருக்கு? அவ அப்படித்தானே போனா?"

"அவ தாங்கல அண்ணே. தாங்க வச்சாங்க. நானும்தான் தாங்க வச்சேன். இதைக் கல்லுல எழுதி வச்சா, நாளைக்குப் படிக்கிற பொம்பளைப் பிள்ளைங்களும் இதுதான் பெருமைன்னு நினைக்கும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் குடும்பத்து ஆளா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அனிதாவைப் பார்த்தேன். அவள் தாளை என் கையிலிருந்து எடுத்தாள், படித்தாள், அந்த வரிமேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். "பேரும் தேதியும் போதும், மாமா. அம்மா இதைப் பார்த்தா சிரிப்பாங்க" என்றாள். உன் கல்லில் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறுமையாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

கோபத்தை விட்டுவிடு, உனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். உன் கோயிலில் உனக்காகப் பூசை வைத்த அன்றைக்கு ஃபாதரும் அதையே அழகாகச் சொன்னார். எனக்கு விட விருப்பமில்லை. இத்தனை வருஷம் சுமந்ததில் அது எனக்கு ஒரு வேலையும் கற்றுக் கொடுத்துவிட்டது. ஓய்வு பெற எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

நேற்று மத்தியான ஷிஃப்டில், நேபாளத்திலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி, மூன்றாவது மேசை. மைக்ராஸ்கோப்பில் கண் இருந்தது, இடது கை மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. போய் நின்றேன். "ஓகே, ஓகே, காக்" என்று சிரித்தாள். அவள் தோளைத் தொட்டேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. மெஷினை அணைத்தேன், கையைப் பிடித்து எழுப்பினேன், கிளினிக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினேன். சூப்பர்வைசர் லைன் தலைப்பில் காத்திருந்தார். டார்கெட் போர்டைக் காட்டினார். "அந்தப் பெண் வலிக்குதுன்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

"அவ ஒண்ணும் சொல்லல" என்றேன். "நான் பார்த்தேன்."